பழைய பைக்கின் பெட்ரோல் டேப் கசிவைச் சரிசெய்தல்

காலையில் கதவைத் திறந்ததும் போர்டிகோவில் பெட்ரோல் வாடை அடிக்கிறது. இன்ஜினைத் தொட்டால் ஈரம் இல்லை, தரையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. பழைய பைக் வைத்திருப்பவர்களில் இப்படி ஒரு காலையைச் சந்திக்காதவர்கள் குறைவு. பலரும் உடனே வண்டியைத் தெருமுனைப் பட்டறைக்குத் தள்ளிச் சென்று, டேப் போய்விட்டது, மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுவதுதான் டேப். மாற்றிய டேப் சில மாதங்களில் மறுபடியும் ஒழுகத் தொடங்கும்போதுதான், முதலில் இருந்த டேப்பில் உண்மையிலேயே பழுது இருந்ததா என்ற சந்தேகம் வருகிறது. சொட்டு விழும் இடம் ஒன்று, கசிவு பிறக்கும் இடம் வேறொன்று. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதுதான் வேலையில் பாதி. மீதிப் பாதியை ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், சாதாரணக் கருவிகளைக் கொண்டு, வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம்.

யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான அந்த இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன; அவற்றில் மிக இளையதற்கே முப்பது வயதை ஒட்டி ஆகிறது. அதே காலத்து மற்ற ஜப்பானிய வழி வண்டிகளின் டேப்பும் ஏறக்குறைய இதே அமைப்புடையதுதான். புல்லட், பழைய பிரிட்டிஷ் வண்டிகள், வெற்றிடத்தில் இயங்கும் டேப் உள்ள வண்டிகள் ஆகியவற்றில் மாறுபடும் இடங்களைப் பின்னால் சொல்கிறேன்.

டேப்பின் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். டேங்கின் அடியில் இரண்டு திருகுகளால் இறுக்கப்பட்ட ஓர் உலோக உடல்; அதற்கும் டேங்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஓர் ஓ ரிங் (ரப்பர் வளையம்) அல்லது ரப்பர் கேஸ்கெட். உடலிலிருந்து டேங்குக்குள் வலை சுற்றிய ஒரு குழாய் நிமிர்ந்து நிற்கும். ‘ஆன்’ நிலையில் பெட்ரோல் அந்தக் குழாயின் மேல்முனை வழியாக இறங்கும்; ஆகவே மட்டம் அந்த முனைக்குக் கீழே போனதும் வண்டி இருமத் தொடங்கும். ‘ரிசர்வ்’ நிலையில் அடியிலுள்ள வேறொரு துளை வழியாக எஞ்சியது இறங்கும். இந்த இரண்டு வழிகளும் கார்புரேட்டருக்குப் போகும் வழியும் லீவருக்குப் பின்னால் உள்ள ஒரு தட்டையான முகத்தில் துளைகளாக முடிகின்றன. அந்த முகத்தின்மேல் பெரும்பாலும் நான்கு துளைகள் உள்ள ஒரு வட்ட ரப்பரும், ரப்பரின்மேல் லீவரின் உள்முகமும் அழுந்தி நிற்கின்றன. லீவரின் உள்முகத்தில் ஒரு சிறு பள்ளம் உண்டு. லீவரைத் திருப்பும்போது அந்தப் பள்ளம் இரண்டு துளைகளைப் பாலம்போல் இணைத்தால் பெட்ரோல் ஓடும், இணைக்காவிட்டால் நிற்கும். இவை எல்லாவற்றையும் அழுத்திப் பிடித்திருப்பது, முன்தகட்டுக்கு அடியில் இருக்கும், அலைபோல் வளைந்த மெல்லிய எஃகு வாஷர். ஆக, டேப்பை மூடுவது ஒரு ரப்பரின் மென்மையும் ஒரு வாஷரின் அழுத்தமும்தான்.

வேலையைத் தொடங்கும் முன் தீயைப் பற்றிச் சில வரிகள் எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே எழுந்து கலைந்துபோகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளமான இடத்தில் தங்கும். பெட்ரோல் தீப்பற்றும் ஆவியை விடுவதற்கு வெப்பம் எதுவும் தேவையில்லை. சுமார் கழித்தல் 40 பாகை செல்சியஸ் குளிரிலேயே அது ஆவியை விடும். எனவே இந்த வேலையைத் திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். பூஜை விளக்கு, கொசுவர்த்தி, அடுப்பு எரியும் சமையலறையின் ஜன்னல் ஆகியவற்றிலிருந்து விலகி இருங்கள். போர்டிகோவிலேயே தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் இருக்கும் வீடுகள் நம் ஊரில் ஏராளம்; வேலை முடியும் வரை அதைப் போடக்கூடாது என்று வீட்டில் சொல்லிவையுங்கள், ஏனெனில் சுவிட்சுக்குள் தோன்றும் சிறு பொறியே போதும். பேட்டரி உள்ள வண்டியானால் அதன் எதிர்மின் (−) முனை வயரைக் கழற்றிவிடுங்கள். இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். டேங்குக்குள் எட்டிப் பார்க்க எல்இடி டார்ச் தவிர வேறு எந்த வெளிச்சமும் கூடாது. ஒரு வாளி உலர்ந்த மணல் பக்கத்தில் இருக்கட்டும். இறக்கிய பெட்ரோலை மூடியுள்ள உலோகக் கேனில் வையுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், தாகத்தோடு வரும் குழந்தைக்கு அது தண்ணீர்தான்.

இனி, கசிவு எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். பெட்ரோல் மெல்லிய திரவம். மிக நுண்ணிய இடைவெளியிலும் நுழைந்து, உலோகத்தின் மேற்பரப்பை ஒட்டியே வழிந்து, மிகத் தாழ்வான முனையில்தான் சொட்டாகத் திரளும். அதனால் டேங்கோடு டேப் சேரும் இடத்தில் பிறந்த கசிவும், லீவரின் ஓரத்தில் பிறந்த கசிவும், டியூபின் வாயில் பிறந்த கசிவும் ஒரே இடத்தில் சொட்டலாம். டேப்பையும் அதைச் சுற்றியுள்ள டேங்கின் அடிப்பகுதியையும் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்துப் பழைய அழுக்கை நீக்குங்கள். பிறகு உலர்ந்த துணியால் நன்றாகத் துடையுங்கள். டேங்குக்கும் டேப்புக்கும் இடைப்பட்ட விளிம்பு, லீவரின் முன்தகட்டைச் சுற்றிய ஓரம், டியூப் மாட்டும் முனை ஆகிய மூன்று இடங்களிலும் முகத்துக்குப் போடும் பவுடரையோ சாக்பீஸ் தூளையோ மெல்லியதாகத் தூவுங்கள். லீவர் ‘ஆன்’ நிலையில் இருக்கட்டும். கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஈரக்கோடு தொடங்கும் மேல்முனைதான் கசிவின் பிறப்பிடம். ஒன்றும் தெரியாவிட்டால் லீவரை ‘ரிசர்வ்’, ‘ஆஃப்’ ஆகிய நிலைகளுக்கு மாற்றி அதையே மறுபடியும் செய்யுங்கள். சில டேப்புகள் ஒரு நிலையில் மட்டுமே ஒழுகும்.

வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் உள்ளுக்குள் நடக்கும் கசிவு இன்னொரு வகை. ‘ஆஃப்’ செய்த பிறகும் டேப் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். கார்புரேட்டர் நிறைந்ததும் பெட்ரோல் வழியை அடைக்கும் மிதவை ஊசி நல்ல நிலையில் இருக்கும்வரை அது வெளியே தெரியாது. ஊசியும் தேய்ந்த அன்று கார்புரேட்டரின் வழிவுக் குழாயில் பெட்ரோல் கொட்டும். வழிவுக் குழாய் அடைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்: இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோல் கிராங்க் அறையில் தேங்கும், காலையில் எத்தனை உதை உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகாமல் பிளக் நனைந்துகொண்டே இருக்கும், நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் அது சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இன்ஜின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் அளக்கும் குச்சியை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாது. இதைச் சோதிக்க, லீவரை ‘ஆஃப்’ செய்துவிட்டு, கார்புரேட்டர் பக்கத்து டியூபைக் கழற்றி அதன் முனையை ஒரு சிறு கண்ணாடிக் குப்பிக்குள் விட்டு அரை மணி நேரம் வையுங்கள். டியூபில் ஏற்கெனவே நின்ற பெட்ரோல் வடிந்து முடிந்த பிறகும் சொட்டு விழுந்தால், டேப் மூடவில்லை என்று பொருள். நொடிக்கு ஒரு சொட்டு என்பது பார்வைக்கு அற்பம்; ஆனால் ஒரு நாளில் அது 86,400 சொட்டுகள், அதாவது ஒரு லிட்டரைத் தாண்டிய பெட்ரோல்.

டேங்க் நிரம்பியிருக்கும்போது மட்டும் ஒழுகுகிறது, பாதியானதும் நின்றுவிடுகிறது என்று சிலர் சொல்வார்கள். அதிலும் பொருள் உண்டு. மட்டம் உயர உயர டேப்பின் மேல் அழுத்தம் கூடும். மேலும், வெப்பம் ஒவ்வொரு பாகை உயரும்போதும் பெட்ரோல் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு விரியும். 10 லிட்டர் பெட்ரோல் 20 பாகை சூடேறினால் ஏறக்குறைய 200 மில்லி பெருகும். டேங்க் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருந்தால், சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியின் டேங்குக்குள் உருவாகும் அழுத்தம் போக்கிடம் இல்லாமல் டேப்பின் பலவீனமான ஓரத்தைத்தான் தேடும். ஆகவே டேப்பில் கைவைக்கும் முன் மூடியின் துளையை ஊதிப் பாருங்கள்.

பிறப்பிடம் தெரிந்ததும் டேங்கைக் காலி செய்ய வேண்டும். டியூபின் முனையைக் கேனுக்குள் விட்டு லீவரை ‘ரிசர்வ்’ நிலையில் வையுங்கள். ‘ஆன்’ நிலையில் விட்டால் அடியில் உள்ளது இறங்காது. ‘ரிசர்வ்’ நிலையிலும் கடைசிச் சிறிதளவு உள்ளேயே தங்கும் என்பதால், டேப்பைக் கழற்றும்போது கீழே ஓர் அகன்ற பாத்திரம் இருக்க வேண்டும். இறங்கும் வேகத்தையும் கவனியுங்கள்: சீராக ஓடினால் வலை சுத்தமாக இருக்கிறது, நூலாக இறங்கினால் வலை அடைத்திருக்கிறது. டேங்கை வண்டியிலேயே வைத்துக்கொண்டு டேப்பைக் கழற்ற முடியும்தான். ஆனால் சீட்டைத் தூக்கி, பின்பக்கத்துப் பிடிப்பைக் கழற்றி, டேங்கைப் பின்னோக்கி இழுத்து எடுத்துப் பழைய கம்பளியின்மேல் சாய்த்துவைத்துச் செய்வதே நல்லது. தலைகீழாகக் குனிந்து திருகைத் திருகினால் அதன் தலை கெடுவதுதான் வழக்கம்.

திருகின் தலை என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜப்பானிய வடிவ வண்டிகளின் ஸ்டார் திருகுகள், கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டார் டிரைவருக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. சாதாரண டிரைவரின் முனை, அழுத்தித் திருகும்போது பள்ளத்திலிருந்து வழுக்கி மேலேறிவிடும். தலையில் சிறு புள்ளி பதித்த திருகாக இருந்தால் பெரும்பாலும் அது ஜப்பானிய அளவு. அதற்குரிய டிரைவரையே பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால், முனை தேயாத நல்ல டிரைவரை வைத்து, அதன் பின்பக்கத்தில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிய பிறகு திருகுங்கள். முந்தைய நாளே துருநீக்கும் எண்ணெய் விட்டுவைத்திருந்தால் இன்னும் நல்லது. டியூபை எடுக்கும்போது கட்டிங் பிளேயரால் பிடித்து இழுக்கவே கூடாது. இறுகிப்போன டியூப் வராது. அது மாட்டியிருக்கும் மெல்லிய குழாய்முனைதான் உடலிலிருந்து ஆட்டம் கண்டு புதிய கசிவு ஒன்று பிறக்கும். பிளேடால் டியூபை நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். எப்படியும் அது மாற்ற வேண்டிய டியூப்தான்.

டேப் கைக்கு வந்ததும் லீவர் பகுதியைப் பிரிக்கலாம். முன்தகட்டின் இரண்டு சிறு திருகுகளைக் கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகமும் வெளியே வரும்போது வந்த வரிசையிலேயே வெள்ளைத் துணியின்மேல் அடுக்குங்கள். முன்தகடு, அலை வாஷர், லீவர், லீவரைச் சுற்றிய ஓ ரிங் இருந்தால் அது, கடைசியில் துளை ரப்பர். ரப்பரை ஊசியால் குத்தி எடுக்காமல் தட்டையான பிளாஸ்டிக் முனையால் நெம்பி எடுங்கள். அதைப் பார்த்ததுமே நோய் பெரும்பாலும் புரிந்துவிடும். துளைகளைச் சுற்றி லீவரின் பள்ளம் அச்சுப்போல் பதிந்திருக்கும்; அல்லது ரப்பர் கல்லாகியிருக்கும்; அல்லது உப்பிப்போய், துளைகளே சிறுத்திருக்கும்; இன்னும் சிலவற்றில் மயிரிழைபோல ஒரு கீறல் ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு ஓடும். இந்தக் கடைசி வகைதான் ‘ஆஃப்’ செய்தும் நிற்காத டேப்பை உண்டாக்குகிறது. கீறலை உண்டாக்கியது டேங்கிலிருந்து வந்த துருத் துகள்.

ரப்பரைப் புதிதாக மாற்றுங்கள்; இதில் சிக்கனம் வேண்டாம். திருப்பிப் போட்டு ஓட்டுகிற வழக்கம் பட்டறைகளில் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான ரப்பரில் அது சில வாரங்களுக்கு உதவும். பின்பக்கத்தில் பிடிப்புக்கான சிறு முளைகள் உள்ள ரப்பரில் அந்த வழியும் இல்லை. சைக்கிள் டியூபை வெட்டித் துளைபோட்டு வைக்கலாம் என்று ஒருமுறை எனக்கும் தோன்றியது. காற்றைப் பிடித்து வைக்கிற அந்த ரப்பருக்குப் பெட்ரோல் ஆகவே ஆகாது. இரண்டே நாளில் எண்ணெயில் விழுந்த அப்பளம்போல் உப்பி, லீவரையே திருப்ப முடியாமல் செய்துவிட்டது. பெட்ரோலைத் தாங்குவது நைட்ரைல் ரப்பர். அதையும்விட நன்றாகத் தாங்குவது வைட்டான் என்ற செயற்கை ரப்பர். இந்த வேறுபாடு இப்போது முன்னைவிட முக்கியமாகிவிட்டது. 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சராசரியாக 10 விழுக்காட்டை எட்டிய, பெட்ரோலில் எத்தனால் என்ற ஆல்கஹாலின் கலப்பு, 2025இல் 20 விழுக்காட்டைத் தொட்டது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் வார்க்கப்பட்ட ரப்பர்கள் இதில் உப்புகின்றன, பிறகு காய்ந்தால் சுருங்கி வெடிக்கின்றன. எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கும் என்பதால், பல நாள் ஓடாமல் நிற்கும் வண்டியின் டேப்புக்குள் வெண்ணிறப் பொடி பூப்பதையும் பார்க்கலாம். அது வார்ப்பு உலோகம் அரிப்பதால் வருவது.

அந்தப் பொடியைத் தட்டிவிட்டால் மட்டும் போதாது. புதிய ரப்பரைப் போட்டும் ஒழுகுகிறது என்று சலித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். ரப்பரை அழுத்துகிற இரண்டு உலோக முகங்களும் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால்தான் ரப்பர் தன் வேலையைச் செய்யும். லீவரின் உள்முகத்தை இப்படிச் சீராக்கலாம்: தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றின்மேல் 800 எண் நீர்த்தாளை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) விரித்து, சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, லீவரின் முகத்தைக் கவிழ்த்து, எட்டு என்ற எண்ணை எழுதுவதுபோல் மெதுவாகத் தேயுங்கள். ஒரே திசையில் தேய்த்தால் ஒரு பக்கம் சரிந்துவிடும். கீறல் மறைந்ததும் 1000, பிறகு 1500 எண் தாளுக்கு மாறுங்கள். கீறலை நீக்குவதுதான் நோக்கம், உலோகத்தைக் குறைப்பதல்ல. அதிகம் தேய்த்தால் வாஷரின் அழுத்தம் குறையும். உடலின் உள்முகம் பள்ளத்துக்குள் இருப்பதால், தட்டையாக அறுத்த மரக்குச்சியின் முனையில் தாளை ஒட்டிச் சுழற்றித் தேய்க்க வேண்டும். முடிந்ததும் எல்லாத் துளைகளையும் மண்ணெண்ணெயால் கழுவி, காற்றால் ஊதுங்கள். தேய்த்த தூள் ஒரு துகள் தங்கினாலும் அடுத்த கீறலுக்கு அதுவே விதை.

அலை வாஷரின் வளைவு தட்டையாகிவிட்டிருந்தால் புதியது போடுவதே முறை. தனியாகக் கிடைக்காதபோது இரண்டு பிளேயர்களால் வளைவைச் சிறிது கூட்டலாம். அளவுக்கு மேல் கூடினால் லீவர் கடினமாகி, ஒருநாள் அவசரத்தில் ‘ரிசர்வ்’ திருப்பும்போது கையோடு வந்துவிடும். ஓ ரிங்கில் ஒரு துளி இன்ஜின் ஆயில் தடவிப் பொருத்துங்கள், கிரீஸ் வேண்டாம். முன்தகடு திருகுக்குப் பதிலாக ரிவெட் அடித்து மூடப்பட்ட டேப்புகளும் உண்டு. ரிவெட்டைத் துளைத்தெடுத்து மரை போட்டுத் திருகு மாட்டுகிற திறமைசாலிகள் இருக்கிறார்கள். முதல்முறை டேப்பைத் தொடுபவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே முழு டேப்பை மாற்றுவதுதான் அறிவுடைமை. திருகு உள்ள பழைய அசல் டேப் கையில் இருந்தால் மட்டும் அதைத் தூக்கி எறியாதீர்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் போலி டேப்புகள் பலவற்றின் உடல் பழைய வார்ப்பின் துல்லியத்தோடு இருப்பதில்லை. நல்ல உடலில் புதிய ரப்பர் என்பது, மட்டமான உடலில் புதிய டேப் என்பதைவிட நெடுநாள் நிற்கும்.

கசிவு டேங்கோடு சேரும் விளிம்பில் பிறந்திருந்தால் கதை வேறு. அங்கே பெரும்பாலும் குற்றவாளி, முன்பு ஒழுகியபோது யாரோ இன்னும் இறுக்கினால் நிற்கும் என்று நம்பிச் செலுத்திய பலம். மென்மையான வார்ப்பு உலோக விளிம்பு, திருகுகள் உள்ள இரண்டு முனைகளிலும் வளைந்து, நடுவில் மேலெழும்பிவிடும். விளிம்பின்மேல் எஃகு ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அடியில் ஒளி தெரிந்தால் வளைந்திருக்கிறது. அதையும் கண்ணாடியின்மேல் தாள் வைத்துத் தேய்த்து நேராக்கலாம். இங்கே 400 எண்ணில் தொடங்கலாம். டேங்கின் பக்கத்து முகத்தில் படிந்த பெயின்ட், பழைய கேஸ்கெட்டின் மிச்சம், துரு எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். திருகின் துளை டேங்கின் உள்ளே திறந்திருக்கும் அமைப்பில், பெட்ரோல் மரை வழியாகவே இறங்கித் திருகின் தலைக்கடியில் கசியும். அதைத் தடுக்கவே தலைக்கடியில் ஃபைபர் அல்லது நைலான் வாஷர் வைக்கப்பட்டிருக்கும். கழற்றிய பட்டறையில் அது தொலைந்து, அந்த இடத்தில் இரும்பு வாஷர் வந்து உட்கார்ந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பொருத்தும்போது இரண்டு திருகுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். மணிக்கட்டின் பலம் போதும். தோளின் பலத்தைச் செலுத்தினால் மரை போய்விடும்.

சிலிகான் பேஸ்ட்டைத் தடவி மூடிவிடலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். சாதாரண சிலிகான் பெட்ரோலில் ஊறி உப்பிப் பிரியும். பிரிந்த துண்டு கார்புரேட்டரின் ஜெட் என்னும் நுண்துளையில் போய் உட்காரும், நெடுஞ்சாலையில் வண்டி நிற்கும்போதுதான் அது நினைவுக்கு வரும். ஓ ரிங் சரியான அளவில் இருந்து, முகம் தட்டையாக இருந்தால் எந்தப் பசையும் தேவைப்படாது.

டேப்பின் அடியில் வண்டல் கிண்ணம் இருந்தால் அதைக் கழற்றிக் கழுவி, அதன் ஓ ரிங்கையும் மாற்றிவிடுங்கள். டியூபைப் பொறுத்தவரை, கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் டியூப் அழகாக இருக்கும், ஆனால் ஓராண்டில் மஞ்சளித்துக் கட்டையாகிவிடும். பெட்ரோலுக்கென்று அச்சிட்ட ரப்பர் டியூபை, குழாய்முனையின் அளவுக்குச் சரியாக வாங்கி, இரண்டு முனைகளிலும் கிளிப் போடுங்கள். மடிந்து நெளியாமலும் சூடாகும் சிலிண்டரின் குளிர்விப்புத் தகடுகளைத் தொடாமலும் நீளத்தை வெட்டுங்கள்.

கீறலின் மூலம் துரு என்றால், டேங்கை விட்டுவிட்டு டேப்பை மட்டும் சரிசெய்வது வீண். டேப் இருந்த துளை வழியாகச் சுத்தமான பெட்ரோலைச் சிறிது விட்டுக் குலுக்கி வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். செந்நிறத் தூள் சிறிதளவு வந்தால் இரண்டு மூன்று முறை அலசி, வலைக்குழாயைப் புதிதாக்கினால் போதும். செதில் செதிலாக வந்தால் டேங்கைத் துரு நீக்கும் அமிலத்தால் கழுவி உள்பூச்சு போட வேண்டிய கட்டம் வந்துவிட்டது. அதைத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. டேப் மாட்டும் இடத்தைச் சுற்றித் தகட்டிலேயே ஊசித்துளை விழுந்திருந்தால், அதைப் பற்றவைக்கும் வேலையை வீட்டில் நினைத்தும் பார்க்காதீர்கள். காலியான டேங்க், நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது. உள்ளே இருப்பது முழுவதும் ஆவி.

இனி மற்ற வகைகள். புல்லட் போன்ற வண்டிகளில் டேப் திருகுகளால் அல்லாமல் தன் மரையாலேயே டேங்கில் ஏறும். அங்கே மூடுவது வாஷர்தான், மரையல்ல. மரையில் டெஃப்லான் நாடாவைச் சுற்றுபவர்கள் முதல் இரண்டு மரைகளை விட்டுச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் அதன் நார் பிரிந்து பெட்ரோல் வழியில் போகும். இழுத்துத் தள்ளும் பழைய பிரிட்டிஷ் டேப்புகளில் மூடுவது தக்கை. நெடுநாள் காய்ந்து கிடந்த தக்கை சுருங்கி ஒழுகும். கழற்றி, கொதிக்கும் நீரில் சில நிமிடங்கள் போட்டால் அது மறுபடியும் பருக்கும். உடைந்து உதிர்ந்த தக்கைக்கு இந்த வைத்தியம் பலிக்காது. ‘ஆஃப்’ என்ற நிலையே இல்லாமல் ‘ஆன்’, ‘ரிசர்வ்’, ‘பிரைம்’ என்று மூன்று நிலைகள் உள்ளவை வெற்றிட டேப்புகள். இன்ஜின் ஓடும்போது மெல்லிய டியூப் வழியாக வரும் உறிஞ்சலே அவற்றைத் திறக்கிறது. இன்ஜின் நின்றிருக்கும்போது ‘ஆன்’ நிலையில் பெட்ரோல் வந்தால் உள்ளிருக்கும் டயஃப்ரம் சவ்வையோ அதன் ஓ ரிங்கையோ பாருங்கள். அந்த மெல்லிய டியூபுக்குள்ளேயே பெட்ரோல் ஈரம் இருந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. பெட்ரோல் நேராக இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

வழியில் ஒழுகத் தொடங்கினால் என்ன செய்வது என்று கேட்பார்கள். லாரி ஓட்டுநர்களிடமிருந்து வந்த பழைய உத்தி ஒன்று உண்டு: துணி துவைக்கும் பார் சோப்பைக் கசிவின்மேல் அழுத்தித் தேய்ப்பது. சோப்பு பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால் விளிம்பிலோ தகட்டிலோ உள்ள சிறு கசிவு வீடு வந்து சேரும்வரை அடங்கி நிற்கும். மழையில் மட்டும் கரைந்துவிடும். லீவரின் ஓரத்தில் வரும் கசிவுக்கு இது உதவாது.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு டேங்கை உடனே நிரப்பிவிடாதீர்கள். அரை லிட்டர் ஊற்றி, மூன்று நிலைகளிலும் பத்துப் பத்து நிமிடம் பாருங்கள். பிறகு லீவரை ‘ஆஃப்’ செய்து, கார்புரேட்டர் பக்கத்து டியூபைக் கழற்றி அதன் முனையைக் குப்பிக்குள் விட்டு ‘ஆஃப்’ சோதனையைச் செய்யுங்கள். அதில் தேறினால் டியூபை மறுபடியும் கார்புரேட்டரில் மாட்டி, பாதி டேங்க் ஊற்றி, அடியில் செய்தித்தாள் விரித்து இரவு முழுவதும் விடுங்கள். காலையில் தாளில் வட்டக் கறையோ அலையலையான சுருக்கமோ இல்லாவிட்டால் டேங்கை நிரப்பலாம். புதிய ரப்பர் தன் இடத்தில் அமர ஓரிரு வாரம் ஆகும். அதற்குள் லீவரின் ஓரத்தில் மெல்லிய ஈரம் கண்டால் முன்தகட்டின் இரண்டு திருகுகளையும் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கிவிட்டு, அன்றிரவு மறுபடியும் செய்தித்தாளை விரியுங்கள்.